திங்கட்கிழமைக் கீபோட்

விரல் நோகிறது என்று அவனிடம் நான் சொல்லியிருக்கவே கூடாது. சொன்னதும் ஒரு பேச்சுக்குத்தான். திங்கட்கிழமைகளில் பாரிஸிலிருந்து என் தம்பி போன் எடுப்பான். அவன் வேலை செய்கிற உணவகத்துக்கு அன்றைக்கு விடுமுறை. அவனுக்குக் காலை, எனக்கு மத்தியானம். கிளிநொச்சிக் கச்சேரிக்கு, அதுதான் அரசாங்க அதிபரின் அலுவலகத்துக்கு, கிட்ட இருக்கிற என் தட்டச்சுக் கடையில், சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்துவிட்டு அவனோடு கதைப்பேன். அன்றைக்குக் கதைக்க ஒன்றும் இருக்கவில்லை. மழையும் இல்லை, கோயில் திருவிழாவும் முடிந்திருந்தது. அதனால் விரலைப் பற்றிச் சொன்னேன். அவன் அதைப் பிடித்துக்கொண்டான்.

என் தொழில் பெரிய தொழில் இல்லை. போர் முடிந்து மீளக் குடியேறி வந்த காலத்திலிருந்து அதே கடை, அதே மேசை. சனம் வந்து எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து தங்கள் குறையைச் சொல்லும். நான் கேட்டுக்கொண்டே கடிதமாக அடிப்பேன். காணி அனுமதிப்பத்திரம், தொலைந்துபோன பிறப்புச் சான்றிதழ், மின்சார இணைப்பு, யானை தின்ற நெல்லுக்கு இழப்பீடு, இப்படி எல்லாம் வரும். அவர்கள் சொல்லி முடிக்கும்போது கடிதமும் முடிந்திருக்கும். என்னிடம் இருந்த பழைய கீபோட்டில் ஓர் எழுத்தும் மிச்சமில்லை, எல்லாம் தேய்ந்து வழுவழுவென்று போய்விட்டது. என் விரலுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அது போதுமாக இருந்தது.

தம்பிக்கும் எனக்கும் பதினைந்து வயது வித்தியாசம். அம்மா போன பிறகு அவனை வளர்த்தது நான்தான். இருபத்தொரு வயதில் போனான். போன இடத்தில் வதிவிடப் பேப்பர் கிடைக்காமல் வருடக் கணக்காகக் கோப்பை கழுவினான். எல்லாருடைய பிள்ளைகளும் பெட்டி பெட்டியாகச் சாமான் அனுப்பும்போது தன்னால் ஒன்றும் அனுப்ப முடியவில்லை என்று அவன் உள்ளுக்குள் குமைந்தது எனக்குத் தெரியும். பேப்பரும் கிடைத்து, ஒழுங்கான வேலையும் கிடைத்து, அவன் எனக்கென்று வாங்கிய முதல் சாமான் அந்தக் கீபோட். அது உதவாத சாமான் என்பது அவனுக்குத் தெரியவரக் கூடாது என்று நான் பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு கலியாணத்துக்காக ஊருக்கு வந்த ஒருவரிடம் அதைக் கொடுத்துவிட்டிருந்தான். கனகராயன்குளத்தில் அவர் வீட்டுக்கு நானும் என்ரை மனிசனும் சோடியாகப் போய் வாங்கி வந்தோம். உடுப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. விலையைத் தம்பி சொல்லவில்லை, கொண்டு வந்தவர்தான் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அந்த விலைக்கு இங்கே ஒரு கணினியே வாங்கலாம். பஸ்ஸில் வரும்போது பெட்டியை மடியில் வைத்திருந்தேன். யாரும் கேட்காவிட்டாலும் தம்பி அனுப்பினவன் என்று இரண்டு பேருக்குச் சொன்னேன். அந்தப் பெருமையை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமில்லை.

கடையில் கொண்டுபோய்க் கணினியில் பூட்டியதும் அது விளக்குப் போல எரியத் தொடங்கியது. சிவப்பு, பச்சை, நீலம், ஊதா என்று ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு வெளிச்சம் ஓடியது.

"என்னப்பா, கடைக்குள்ள திருவிழாவே நடக்குது?" என்றார் என்ரை மனிசன்.

தம்பி வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, உது சாதாரண கீபோட் இல்லை. கேம் விளையாடுற பெடியள் பாவிக்கிறது. அவங்கள் அடிக்கிற அடியையே தாங்குதெண்டால் உங்கட கடிதத்துக்குத் தாங்காதே? அடியுங்கோ, சத்தத்தைக் கேப்பம்."

அடித்தேன். கடைக்குள் யாரோ ஓட்டுக்கு மேல் கல்லெறிவது போல இருந்தது.

"அந்தச் சத்தத்துக்குத்தான் அக்கா உந்த விலை," என்றான். "எப்பிடி இருக்கு?"

"அந்தமாதிரி இருக்கடா, நல்ல சாமான்," என்றேன். முதல் பொய் அது.

அடுத்த நாளே தெரிந்துவிட்டது. வலப்பக்கத்தில் தனியாக இருக்க வேண்டிய இலக்கக் கட்டைகள் அதில் இல்லவே இல்லை. கேம் விளையாடுகிறவர்களுக்கு அது தேவையில்லையாம். எனக்கு வருகிற ஒவ்வொரு கடிதத்திலும் அடையாள அட்டை இலக்கம், காணி இலக்கம், தொலைபேசி இலக்கம். மேல் வரிசையில் ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அடித்து, ஒரு மனிசியின் அடையாள அட்டையையே மாற்றிவிட்டேன். அவர் திரும்பி வந்து, "நான் இவ்வளவு இளமையில்லை தங்கச்சி," என்றார். அட்டை இலக்கத்தில் பிறந்த வருடம் இருக்கிறதே, அதில் பத்து வயதைக் குறைத்திருக்கிறேன். அவர் சந்தோசமாகத்தான் இருந்தார். கச்சேரிக்காரர்தான் ஏற்றுக்கொள்ளவில்லை.

கீபோட்டின் உயரம் இன்னொரு கரைச்சல். அரைச் செங்கல் உயரம். விரல் நோவுக்கு என்று வந்தது, மணிக்கட்டு நோவைக் கொண்டு வந்தது. வெளிச்சத்தை நிறுத்தப் பார்த்தேன். அதற்கு இணையத்தில் ஏதோ ஒன்றை இறக்கி, பெயரைப் பதிந்து, மின்னஞ்சல் கொடுத்து, அது அனுப்புகிற இலக்கத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். எல்லாம் கொடுத்தேன். வெளிச்சம் நிற்கவில்லை. முந்தி ஓடிக்கொண்டிருந்தது, பிறகு விட்டு விட்டு மின்னத் தொடங்கியது.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாமல் போனது சனம் கதைப்பதை நிறுத்தியதுதான். நான் ஒரு சொல் அடிப்பேன், சொல்லிக்கொண்டிருப்பவர் வாயை மூடிவிடுவார். நான் நிறுத்தினால் தொடங்குவார். திரும்ப அடித்தால் திரும்ப மூடுவார். ஒரு கிழவர் கடைசியில், "நீ அடிச்சு முடி பிள்ளை, நான் பிறகு சொல்லுறன்," என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டார். அவர் சொன்னால்தானே நான் அடிக்கலாம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்னொரு பெண் ஒரு முறைப்பாட்டை மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தவர், மின்னுகிற சிவப்பு வெளிச்சத்தைக் கண்டதும் கதிரையைப் பின்னுக்கு இழுத்தார்.

"தங்கச்சி, உது நான் கதைக்கிறதைப் பதியுதோ?"

இல்லை அக்கா, சும்மா வெளிச்சம் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. எங்கள் ஊரில் மின்னுகிற பெட்டியை நம்பி யாரும் மனம் திறப்பதில்லை. கடிதம் தேவையில்லை, இன்னொரு நாள் வருகிறேன் என்று எழும்பிப் போனார். அன்றைக்கு எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. கீபோட்டின் மேல் வந்த கோபத்தை வேறு யாரில் காட்டுவது, வீட்டுக்குப் போய் மனிசனில் காட்டினேன்.

ஆனாலும் கழற்றவில்லை. திங்கட்கிழமை அவன் கேட்பான். உணவகத்தில் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் என் கடையின் படத்தைக் காட்டியிருக்கிறானாம். என் அக்கா கடிதம் எழுதுகிறவா, அவாவுக்கு நான் வாங்கிக் கொடுத்தது என்று சொல்லியிருக்கிறான். இதற்குப் பிறகு எந்த வாயால் உண்மையைச் சொல்வது?

பிறகு சரஸ்வதி பூசை வந்தது. கடையைக் கழுவி, மேசையில் வாழையிலை போட்டு, கணினிக்கும் போட்டோ கொப்பி மெசினுக்கும் பூ வைத்தேன். நான் கற்பூரம் வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போய் வந்த நேரத்தில் என்ரை மனிசனுக்குப் பக்தி முற்றிவிட்டது. அவர் கமக்காரன், வயல் செய்கிறவர். உழவு இயந்திரத்துக்குக் குறி போட்டுப் பழகின கை. திருநீற்றைத் தண்ணீரில் நன்றாகக் குழைத்து, மூன்று விரலால் தொட்டு, கீபோட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை மட்டும் ஒரே இழுவையாக இழுத்திருக்கிறார். எழுத்து வரிசையும் மூன்று, விரலும் மூன்று, அளவெடுத்தது போலப் பொருந்தியிருந்தது. நடுவில் ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். அந்த அலங்காரத்துக்குக் கீழே நீலமும் பச்சையும் மின்னியது. பார்க்க அம்மன் போலத்தான் இருந்தது.

"இஞ்சேருங்கோ, என்ன வேலை செய்து வைச்சிருக்கிறியள்?"

"ஏனப்பா, விலை கூடின சாமானெல்லே. மற்றதுகளுக்கு வைச்சிட்டு இதுக்கு வைக்காமல் விடலாமே?"

விஜயதசமி அன்றைக்குத் துடைத்தோம். மேலே இருந்தது போனது. உள்ளே இறங்கினது சுண்ணாம்பு போல இறுகிவிட்டது. நடு வரிசையில் க, த, ம மூன்றும் வரவில்லை. க, த, ம இல்லாமல் ஒரு கமக்காரனுக்கு என்ன கடிதம் அடிக்கிறது? என்ரை மனிசன் பல் துலக்குகிற பிரஸ்ஸோடு ஒரு பின்னேரம் முழுவதும் அதற்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். பாவம், சாப்பிடவும் இல்லை. பிறகு நான் பழைய கீபோட்டை எடுத்துப் பூட்டினேன். விரல்கள் வீட்டுக்கு வந்த மாதிரி ஓடின. சனமும் பழையபடி கதைக்கத் தொடங்கியது.

அடுத்த திங்கள் வந்தது. வழக்கம்போலத் தம்பி, "அடியுங்கோ அக்கா, கேப்பம்," என்றான்.

அதற்கும் ஒரு வழி வைத்திருந்தேன். புதியதைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்து, அதன் வயரைப் போன் சார்ஜ் பண்ணுகிற கட்டையில் குத்திவிட்டேன். வெளிச்சம் வந்தது. கணினியோடு அதற்கு ஒரு தொடுசலும் இல்லை. போனை அதற்கு நேரே சாய்த்து வைத்துக்கொண்டு, இடது கையாலும் வலது கையாலும் கண்டபாட்டுக்கு அடித்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். அவசரக் கடிதம் ஒன்று இருக்கிறது, நீ சமைத்துக்கொண்டு கதை, நான் அடித்துக்கொண்டு கேட்கிறேன் என்றும் ஒரு பொய்யைச் சேர்த்துவிட்டேன். சில நாட்களில் அரை மணித்தியாலம் கூட அடித்திருக்கிறேன். வலது கையில் சோறு இருக்க, இடது கையால் மட்டும் அடித்த நாளும் உண்டு. கதை முடிந்ததும் வயரைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து மேசைக்குக் கீழே தள்ளிவிடுவேன். இப்படிப் பத்து மாதம் ஓடியது. இத்தனை வயதில் நாடகம் நடிக்கப் பழகினேன்.

ஆவணியில் வருகிறேன் என்று அவன் சொன்னதும் எனக்குச் சந்தோசம் பாதி, பயம் பாதி. பதினொரு வருடம் கழித்து வருகிறவனுக்கு என்ன சமைக்கலாம் என்று யோசிக்க வேண்டியவள், கீபோட்டை எப்படித் திருத்தலாம் என்று யோசித்தேன். கட்டைகளை ஒவ்வொன்றாகக் கரண்டிக் காம்பால் கிளப்பி, சவர்க்கார வாளியில் ஊறப்போட்டு, சுளகில் பரப்பி வெயிலில் காயவைத்தோம். கோழி கொத்தாமல் என்ரை மனிசன் தடியோடு காவல் இருந்தார். திரும்பப் பூட்டும்போதுதான் அடுத்த சிக்கல். எந்தக் கட்டை எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. பார்த்துப் பூட்டலாம் என்றால் பழையதில் எழுத்தே இல்லையே. கணினியைப் போட்டு, பழையதில் ஒவ்வொரு கட்டையாக அடித்து, திரையில் எந்த ஆங்கில எழுத்து வருகிறது என்று பார்த்துப் பார்த்து, அந்த எழுத்துப் போட்ட கட்டையைப் புதியதில் பூட்டி முடித்தேன். க உயிர் பெற்றது. த நினைத்தால் வந்தது. ம கடைசிவரை வரவில்லை.

வந்தான். தலையில் முன்பக்கம் முடி கொட்டிக் கொஞ்சம் வெளித்திருந்தது. என்னைக் கட்டிப்பிடித்தபோது நான் அவன் நெஞ்சு மட்டத்துக்குத்தான் இருந்தேன், போகும்போது அப்படி இருக்கவில்லை என்று நினைத்தேன். இரண்டு நாள் வீட்டில் சனம். மூன்றாம் நாள் காலை, "கடைக்கு வாறன் அக்கா," என்றான். நான் முந்தின நாளே புதியதைப் பூட்டிவைத்து, பழையதைத் துவாயில் சுற்றி மேசைக்குக் கீழே ஒளித்திருந்தேன்.

அவன் மூலையில் ஸ்டூலில் இருந்தான். முதல் ஆளாக ஒரு ஐயா வந்தார். அவருடைய வயலுக்குள் யானை வந்து இரண்டு ஏக்கரை மிதித்திருந்தது. அவர் தொடங்கினார், நான் அடித்தேன். அவர் நிறுத்தினார். நானும் நிறுத்தினேன். அவர் திரும்பத் தொடங்கினார். திரையில் அரைகுறையாகச் சொற்கள் வந்துகொண்டிருந்தன, ம வர வேண்டிய இடமெல்லாம் வெறுமையாக இருந்தது. முதலில் கையால் எழுதிவிட்டுப் பிறகு அடிக்கலாம் என்று பேனையை எடுத்தேன். திரும்பித் தம்பியைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"ஐயா, ஒரு நிமிசம் பொறுங்கோ," என்று தம்பியின் குரல் கேட்டது.

எழும்பி வந்தான். குனிந்து மேசைக்குக் கீழே, துவாய் தெரிந்த இடத்தில் கையை விட்டான். துவாயை எடுத்து அவிழ்த்தான். புதியதைக் கழற்றிவிட்டுப் பழையதைப் பூட்டி என் கைக்குக் கீழே நேராக வைத்தான். பிறகு ஒன்றும் நடக்காதது போல ஸ்டூலில் போய் இருந்தான்.

"இனிச் சொல்லுங்கோ ஐயா. அக்கா அடிப்பா."

ஐயா சொன்னார். நான் அடித்தேன். யானை வந்த வழி, முறிந்த வேலி, வெடி போட்டும் போகாமல் நின்றது, எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. அவர் சொல்லி முடித்து மூக்கைச் சிந்தும்போது நான் கடைசி வரியில் இருந்தேன். கடிதத்தை வாங்கிக்கொண்டு அவர் போன பிறகு கடைக்குள் நாங்கள் இரண்டு பேரும்தான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எப்பிடியடா தெரியும்?"

"மார்கழியிலேயே தெரியும் அக்கா."

"அத்தான் சொன்னவரே?"

"அத்தான் ஒண்டும் சொல்லேல்லை. உதிலை நீளக் கட்டை ஒண்டு இருக்கெல்லே, சொல்லுக்குச் சொல்லு இடைவெளி விடுறது. அதுக்கு மட்டும் வேறை சத்தம், தொம் எண்டு கேக்கும். நான் கடையிலை எல்லாத்தையும் அடிச்சுப் பாத்துத்தானே வாங்கினனான். நீங்கள் அடிக்கேக்க அந்தச் சத்தம் ஒரு நாளும் வரேல்லை." சிரிக்கத் தொடங்கினான். "இடைவெளியே விடாமல் இவ்வளவு மாசமும் ஆருக்கு அக்கா கடிதம் அடிச்சனீங்கள்?"

எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"அப்ப ஏன் வாயைத் திறக்கேல்லை? நான் இஞ்சை விசரி மாதிரி அடிச்சுக்கொண்டிருக்க, நீ அங்கை கேட்டுக்கொண்டிருந்தனியே?"

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான். புதிய கீபோட்டின் வயரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தான்.

"சொன்னால் நீங்கள் நிப்பாட்டிப் போடுவியள். திங்கட்கிழமை அறையிலை ஒருத்தரும் இல்லை அக்கா. மற்றப் பெடியள் எல்லாம் வேலைக்குப் போயிடுவாங்கள். போனை மேசையிலை வைச்சிட்டு நான் சமைப்பன். அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால், நீங்கள் அங்காலை இருந்து வேலை செய்யிற மாதிரி இருக்கும்."

அவன் தலையைப் பிடித்து என் பக்கம் இழுத்து, வெளித்த இடத்தில் தடவிவிட்டேன். அழுதேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். என் பொய்யைக் காப்பாற்ற அவன் பட்ட பாடு நான் பட்டதைவிடக் கூடுதல்.

அவன் போய் இரண்டு மாதமாகிறது. திங்கட்கிழமை மத்தியானம் போன் அடித்ததும் கீபோட் பெட்டியைத் திறந்து, வயரைச் சார்ஜர் கட்டையில் குத்துகிறேன். அவன் வெங்காயம் வெட்டுகிற சத்தம் அங்கிருந்து கேட்கும். நான் இங்கே அடிக்கிறேன். ஒவ்வொரு சொல்லுக்கும் இடைவெளி விட்டு அடிக்கிறேன்.